படகுகளும் இறகுதிர்க்கும்

நாலாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஆயிரக்கணக்கான ஆலாப் பறவைகளும், நாளைக்குப் பத்து வார்த்தை பேசும் ஒரு சரணாலயக் காவலரும் மட்டுமே உள்ள தீவு. உன் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பம் வாய்க்காது.

உன் கணவன் ஊரார் காதையெல்லாம் சீர்செய்யும் டாக்டர். வீட்டில் அடுப்பை அணைக்கச் சொன்னால் மட்டும் செவிடன். நீ புறப்பட்ட பத்து நாளில் மூன்று பாத்திரங்கள் கரியாகிவிட்டன. கேட்டால், நீ இல்லாத துக்கமாம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற துக்கத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். என் முழங்கால் வழக்கம்போல் வானிலை அறிக்கை வாசிக்கிறது. மழை வருமாம்.

இந்த மாத இதழ் வந்துவிட்டது. வடக்குத் துறைமுகத்தில் நீ எடுத்த படத்தை இரண்டு பக்கம் நிறைய அச்சிட்டிருக்கிறார்கள். கீழே வழக்கம்போல் உன் பெயரும், 'குறிப்பு: மாமியார்' என்று என் பட்டமும். இந்த ஏழு வருடத்தில் உன் படங்களுக்கு நான் எழுதிய குறிப்புகளில் இதுதான் ஆசிரியருக்கு மிகவும் பிடித்ததாம். தொலைபேசியில் அழைத்து, "உங்க குறிப்பு இல்லாம இதழ் வந்தா வாசகருங்க சண்டைக்கே வந்துடுவாங்கம்மா" என்றார். முகஸ்துதி என்று தெரிந்தும், லைன் சரியில்லை என்று சாக்குச் சொல்லி இன்னொரு முறை சொல்லவைத்துக் கேட்டேன்.

அந்தக் குறிப்பை நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். அந்தப் படத்தில் நீ பார்த்தது, துறைமுகச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து சிறகு உலர்த்திய நீர்க்காகங்களை. நான் பார்த்தது, அவற்றுக்குப் பின்னால் நின்ற பச்சைப் படகை. முப்பத்தோரு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் நான். நிறத்தை நம்பாதே, தழும்பைப் பார் என்று எத்தனை தலைமுறை மாணவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்! ஒரு திமிங்கலத்தை இன்னொரு திமிங்கலத்திலிருந்து பிரித்தறிவது அப்படித்தான். அந்தப் படகின் முன்பகுதியில், இடப்புறம், விரல் முட்டிகளைப்போல் மூன்று நசுங்கல்கள். அதற்கு மேல் வளைந்த கைப்பிடிக் கம்பி. விளக்குக் கம்பத்தில் கோணலாக ஒட்டுப்போட்ட வெல்டிங் தழும்பு. இரண்டு வருடத்துக்கு முன் தெற்குத் துறைமுகத்தில் நீ எடுத்த ஒரு படத்தில் இதே மூன்றும் ஒரு நீலப் படகில் இருந்தன. பழைய இதழை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன்: 'இடப்புறம் நிற்கும் பச்சைப் படகை வாசகர்கள் முன்பே சந்தித்திருக்கிறார்கள், தெற்கே, நீல நிறத்தில், வேறொரு பெயரில். படகுகளும் இறகுதிர்க்கும் போலும்.'

சுமாரான நகைச்சுவைதான். ஆனால் அதற்கு ஒரு ரசிகர் கிடைத்திருக்கிறார். இதை எழுதும்போது அவர் நம் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். கடல் தொழில் செய்பவராம், சொந்தப் படகுகள் உண்டாம். ஐம்பது வயதிருக்கும்; அளந்து பேசுகிறார்; கைக்கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார். நான் எழுதிய குறிப்பை மனப்பாடமாகச் சொன்னார். "இவ்வளவு பேர் பார்த்த படத்துல உங்க கண்ணுக்கு மட்டும்தாம்மா அது பட்டிருக்கு" என்றார். என் மகனுக்கு இப்படி ஒரு வாக்கியம் பேசத் தெரிந்திருந்தால் நீ அடிக்கடி ஊரைவிட்டுப் போக மாட்டாய்.

அவருக்கு அந்தத் துறைமுகப் படங்கள் ஒரு நாள்காட்டிக்காக வேண்டுமாம். அன்றைக்கு மொத்தம் எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்டார். நூற்றுக்கு மேல் இருக்கும் என்றேன். எல்லாம் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறதா என்றார். பத்திரிகைக்குப் பொறுக்கி எடுத்த ஒன்றைத்தான் அனுப்புவாள், மற்றதெல்லாம் கேமராவின் சிறு மெமரி அட்டைகளில் அவள் கழுத்துப் பையிலேயே கிடக்கும், பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நான் வாய் வலிக்கச் சொன்னதுதான் மிச்சம் என்றேன். மனிதர் பெருமூச்சு விட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே அப்படித்தாம்மா" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

பதினேழாம் தேதிவாக்கில் அவர் படகு உன் தீவுப் பக்கம் போகிறதாம். உணவுப்பொருள் கொண்டுவரும் அந்த ஓட்டைப் படகுக்காக மாதக் கடைசிவரை நீ காத்துக் கிடக்க வேண்டாம், தாமே கூட்டிவந்துவிடுவதாகச் சொல்கிறார். சரணாலயத்தில் இறங்க அனுமதி வேண்டுமே என்றேன். அதற்குத்தான் என் கையால் ஒரு கடிதம் கேட்டார். அறிமுகமில்லாதவர் வந்து கூப்பிட்டால் நீ ஏற மாட்டாய் அல்லவா என்று அவரே சொன்னார். அந்த அளவுக்கு யோசிக்கிற மனிதர்.

ஆகவே, இதைக் கொண்டுவருபவரை நீ நம்பலாம். அவர் படகிலேயே புறப்பட்டு வா. கேட்கும் படங்களைக் காட்டு. வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நாலு வார்த்தை பேசு.

பயணம் நல்லபடி அமையட்டும்.

உன் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்ட வேண்டாம், அனுமதிக்காக அதிகாரிகளிடம் காட்ட வேண்டியிருக்கும் என்கிறார். ஒட்டவில்லை. உன் கணவனைப் பற்றி எழுதியதை ஊரார் படித்தால் படிக்கட்டும். புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.


பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு முதலில் வந்து சேர வேண்டும். உணவுப் படகு மாத நடுவிலும் ஒருமுறை போகுமாம்; இந்த வெள்ளிக்கிழமை புறப்படும் என்று அதன் அலுவலகத்தில் சொன்னார்கள். இன்றே கூரியரில் அவர்களுக்கு அனுப்புகிறேன். சென்ற திங்கட்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமை என் கையால் எழுதிய இன்னொரு கடிதம் ஒரு மனிதரிடம் இருக்கிறது. அவர் வந்தால் அவரோடு போகாதே. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி. பதறுவதற்கு இங்கே நாங்கள் இருவர் இருக்கிறோம்.

உன் வடக்குத் துறைமுகப் படத்தில் நின்ற பச்சைப் படகு, முன்பு நீ தெற்கே எடுத்த நீலப் படகேதான் என்று இந்த மாதக் குறிப்பில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி வந்த ஒரு வாசகர் கடிதத்தை நேற்று ஆசிரியர் எனக்கு அனுப்பிவைத்தார். எழுதியவள் தெற்குத் துறைமுகத்தில் வசிப்பவள், ஒரு பல் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைத் துடைக்கும்போது நம் இதழைப் பார்த்திருக்கிறாள். அவள் எழுதியதை மாற்றாமல் தருகிறேன்: "மாமியாரம்மாவுக்கு வணக்கம். நீங்க போட்டிருக்கிற பச்சைப் படகு எங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த நீலப் படகுதாங்க. விளக்குக் கம்பத்துல அந்த வெல்டிங் வச்சது அவருதான். கோணலா வச்சிட்டேன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்கன்னு வீட்டுல வந்து சொல்லுவாரு. போன வருஷப் புயல்ல படகு முழுகிப்போச்சு, எட்டுப் பேரும் போயிட்டாங்கன்னு முதலாளி எழுதிக் கொடுத்துட்டாரு. ஒருத்தர் உடம்பும் கரைக்கு வரல. படகு முழுகலைன்னா, அந்த எட்டுப் பேரும் எங்கம்மா?"

முப்பத்தோரு வருடத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டு நிறுத்தியதில்லை.

கடிதத்தின் அடியில் அவள் எண் இருந்தது. அழைத்தேன். படகின் முதலாளி எப்படி இருப்பார் என்று கேட்டேன். ஐம்பது வயது, மெதுவாகப் பேசுவார் என்றாள். அப்படி ஆயிரம் பேர் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது, "வாட்சை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருப்பாரும்மா" என்றாள். நம் கூடத்தில் தேநீர் குடித்து என் கடிதத்தை வாங்கிப்போனவரும் அப்படித்தான் கட்டியிருந்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன எண்ணை அழைத்துப் பார்த்தேன். ஒரு டயர் கடை எடுத்தது.

உன் கணவனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். "அம்மா, உனக்குப் பொழுது போகலைன்னா குறுக்கெழுத்து போடு" என்றான். இரண்டு இதழ்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் அவன் முன்னால் வைத்தேன். பத்து நிமிடம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் நிறம் இல்லை. அப்புறம் நான் சொல்வதெல்லாம் முதல் முறையிலேயே அவனுக்குக் காதில் விழுகிறது.

காவல் நிலையம் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படகு முழுகினது தெற்கே, படம் எடுத்தது வடக்கே, நீங்க இருக்கிறது இங்கே. இதை நான் எந்தக் கணக்குலம்மா எழுதுறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. உன் கணவன் இன்றே புறப்பட்டு அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு தலைநகரில் பெரிய அதிகாரிகளைப் பார்க்கப் போகிறான். இரண்டு இதழ்களும் அவனிடம் இருக்கின்றன.

அச்சில் வந்த ஒரு படத்தைக் கண்டு அந்த மனிதர் பயப்படவில்லை. பெயிண்ட் மாற்றியதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லிவிடலாம். அவர் தேடுவது மற்ற நூறு படங்களை. நீ நீர்க்காகங்களைத்தான் பார்த்தாய். உன் கேமரா அந்தத் தளத்தில் வேறு எதைப் பார்த்தது, எவர் முகத்தைப் பார்த்தது என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவை உன்னிடம் மட்டும்தான் இருக்கின்றன என்பதையும், பிரதி இல்லை என்பதையும், நீ எந்தத் தீவில் எந்தத் தேதிவரை இருப்பாய் என்பதையும் தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லி அனுப்பியவள் நான். வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உன் மடியில் விட்டேன்.

செய்ய வேண்டியவை: சரணாலயக் காவலரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அட்டைகளை அவரிடம் கொடுத்து எங்காவது வைக்கச் சொல். எங்கே என்று நீகூடக் கேட்டுக்கொள்ளாதே. இந்த உணவுப் படகிலேயே ஏறிக் கரைக்கு வந்துவிடு. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. குஞ்சுகள் நீ பார்க்காவிட்டாலும் பொரியும்.

பத்திரமாக வா.

உன் மாமியார்


பதினாறாம் தேதி, சனிக்கிழமை
துறைமுக அதிகாரியின் அறை, காலை பத்தே முக்கால்

அன்புள்ள மருமகளுக்கு,

புதன்கிழமை எழுதிய கடிதத்தையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அதை முதலில் படி. அது உன்னிடம் வரவேயில்லை. உணவுப் படகின் எஞ்சின் பழுதாம். வெள்ளிக்கிழமை அது கிளம்பவில்லை. நேற்று மாலை விசாரித்தபோதுதான் சொன்னார்கள். கடிதம் அவர்கள் அலுவலக மேசையில், ஒரு சாவிக்கொத்தின் அடியில் இருந்தது. ரயிலேறி இன்று காலை பத்து மணிக்கு, உன் தீவுக்குப் படகுகள் கிளம்பும் இந்தத் துறைமுகத்துக்கு வந்து நானே எடுத்துக்கொண்டேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

அங்கிருந்து நேராகத் துறைமுக அதிகாரியிடம் வந்தேன். முப்பது வயதுப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "அட, நீங்கதான் அந்த மாமியாரா! உங்க லெட்டரைக் காலையிலதாம்மா படிச்சேன். டாக்டர் பையனைப் பத்தி எழுதியிருந்தீங்களே, சிரிச்சு முடியல" என்றார்.

நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டுதான் அவரும் நிறுத்தினார்.

காலை எட்டு மணிக்கு நாலு பேர் வந்திருக்கிறார்கள். என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார்கள். சரணாலயத்தில் வெளியாட்கள் இறங்கக் கூடாது. ஆனால் ஆராய்ச்சியாளரையோ படப்பிடிப்பாளரையோ வீட்டார் ஏற்பாட்டில் அழைத்துவருவதற்கு அனுமதி உண்டாம். வீட்டார் ஏற்பாடு என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. ஒன்பது மணிக்குப் படகு கிளம்பிவிட்டது. பச்சையா என்று கேட்டேன். "வெள்ளைங்கம்மா. புது பெயிண்ட். கயிறு பிடிச்சப்போ கையில ஒட்டுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முன்பகுதியின் இடப்புறத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் கவனித்திருக்கிறார். "எங்கேயோ இடிச்ச வண்டிம்மா அது. மூணு பள்ளம் இருந்துச்சு" என்றார்.

திரும்பி எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டேன். இந்தத் துறைமுகத்துக்கு வர மாட்டோம், அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு நேராக வடக்கே போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

இப்போது நிலவரம் இது. தீவில் உங்கள் காவலரின் வயர்லெஸ் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மட்டும்தான் உயிரோடு இருக்கும், பேட்டரியைச் சேமிக்கிறாராம். சிக்கனம் நல்ல குணம் என்று நான் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரைச்சல் மட்டும் வருகிறது. வெள்ளைப் படகு தீவை அடைய ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது இரண்டு மணிக்கு. அதிகாரியின் விரைவுப் படகு மூன்று மணி நேரத்தில் போய்விடும். ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு கடல் வற்றிவிட்டது; துறைமுக வாயிலில் மணல் மேடிட்டிருப்பதால், மறுபடி கடல் ஏறாமல் வெளியே போக முடியாது. பதினொன்றரைக்குத்தான் தண்ணீர் போதுமாம். பதினொன்றரையும் மூன்றும் இரண்டரை. கணக்கை நான் நாலு முறை போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த அரை மணி நேரம் மிஞ்சுகிறது.

விரைவுப் படகில் கடலோரக் காவலர் இருவர் வருகிறார்கள். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். அதிகாரி என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "உங்களைத் தூக்கி இறக்கவே ரெண்டு பேர் வேணுமேம்மா" என்றார். உண்மை. ஆகவே கடிதம் வருகிறது. ஒரே நாளில், ஒரே தீவில், என் கையெழுத்தில் இரண்டு கடிதங்கள் உன் முன்னால் நீளும். எதை நம்புவது என்று நீ திகைக்கக் கூடாது. முதல் கடிதம் போலியல்ல. ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியதே. அதில் பொய் ஒன்றுமில்லை, முட்டாள்தனம் மட்டுமே. பிந்தைய தேதி இட்டதை நம்பு. இதைக் கொடுக்கும் கடலோரக் காவலர்களோடு வா.

ஒன்று யோசிக்கிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால், அந்த நாலு பேரை நீ அரை மணி நேரம் கரையில் காக்கவைத்திருக்கிறாய் என்று பொருள். இத்தனை வருடமாக உன்னிடம் நான் சகிக்காமல் இருந்த குணம் ஒன்று உண்டு. மேகம் விலகட்டும், அந்தப் பறவை திரும்பட்டும், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சாயட்டும் என்று ஊரையே நிற்கவைப்பாய். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். ரயிலை விட்டிருக்கிறோம், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து போய் நின்றிருக்கிறோம், என்னை ஒருமுறை பாறைமேல் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்திருக்கிறாய். இவளுக்கு மற்றவர் நேரம் என்றால் துச்சம் என்று உன் கணவனிடமும், உன் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். இன்று இந்த அறையில் உட்கார்ந்து நான் நம்பிக்கொண்டிருப்பது அந்த ஒரு குணத்தை மட்டும்தான். யார் வந்து கூப்பிட்டாலும், எவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டாலும், என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாலும், திரும்பாதே.

அதிகாரி வந்து கைகட்டி நிற்கிறார். தண்ணீர் ஏறிவிட்டதாம். உறையை இம்முறை ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன்.

நான் எவரிடமும் எதையும் வேண்டிக்கொண்டு பழக்கமில்லாதவள் என்பது உனக்குத் தெரியும். வயதான காலத்தில் அதையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. யாரிடம் என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன். நீ எனக்குப் பின்னும் நெடுங்காலம் இருக்க வேண்டும். இருந்து, எல்லோரையும் காக்கவைக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கத்து ஜன்னலோரம் எனக்கொரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நீ வரும்வரை இங்கேதான் இருப்பேன். எத்தனை மணியானாலும் சரி. ஏன் தாமதம் என்று இன்று கேட்க மாட்டேன்.

உன் மாமியார்